நம்ம பாட்டுக்குப் போனவர்

எங்கள் பால்வாடியில் குக்கர் விசில் அடிக்கத் தாமதமானால் ஆயாக்கா அதன் முன்னால் நின்று ஜெபம் செய்வார். மாதக் கடைசியில் சிலிண்டர் மேல் கை வைத்து ஜெபம் செய்வார். பிள்ளைகளில் யாருக்காவது ஒரு செருப்பு காணாமல் போனால், தேடுவதற்கு முன் ஒரு ஜெபம், கிடைத்த பிறகு ஒரு ஸ்தோத்திரம். கிடைக்காவிட்டாலும் ஸ்தோத்திரம் உண்டு. அது எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். இன்னொரு செருப்பு இருக்கிறதே, அதற்கு என்றார்.

நான் அந்தப் பால்வாடிக்கு டீச்சர். அவர் எனக்கு உதவிக்கு இருப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். சொந்த ஊர் மீஞ்சூர். எங்கள் ஏரிக்கரை ஆள் ஒருவரை ரயிலில் பார்த்துப் பிடித்துப்போய், வீட்டில் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். வரும்போது ஒரு பீரோவும் ஒரு வேதாகமமும் கொண்டு வந்தார். உப்புக் காற்றில் பீரோ துருப்பிடித்து ஒரு கதவு விழுந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் ஊரில் எல்லோரும் அம்மன் கோயில் ஆட்கள். ஜெப வீட்டுக்குப் போகிறவர்கள் அக்கம்பக்கத்துக் குப்பங்களையும் சேர்த்தால்கூட ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்துவிடலாம். அக்கா வாரம் தவறாமல் என்னையும் கூப்பிடுவார். நானும் வாரம் தவறாமல் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் குக்கருக்கும் சிலிண்டருக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த ஆண்டவருக்குக் காது வலித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம், ஏரியில் வலைக்குக் கழி நட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஒரு திருக்கை மீன் மேல் கால் வைத்துவிட்டார். சேற்றில் புதைந்து கிடக்கிற திருக்கை, மிதித்தால் சும்மா விடாது. வாலில் இருக்கும் முள்ளால் பாதத்தில் ஒரு குத்து குத்திவிட்டது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் தண்ணீரில் இறங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நான் கத்தினேன். நான் கத்துவது எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மாதிரி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கால் வீங்கியது. பிறகு விரல் கறுத்தது. பொன்னேரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வெகு காலமாகவே இருந்திருக்கும் என்றார்கள். மூன்று கரண்டி சர்க்கரை போட்டு டீ குடிக்கிற மனிதர், என்னவோ நான்தான் ஊட்டிவிட்டது போல என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து சென்னையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். சீழ் உள்ளே போய்விட்டது, மருந்து ஏற்றிப் பார்ப்போம், கணுக்காலைத் தாண்டி ஏறாமல் நின்றால் நல்லது, ஏறினால் உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை.

ஒரு கால் இல்லாமல் தரையில் பிழைத்துக்கொள்ளலாம். கடை வைத்து உட்காரலாம், எத்தனையோ பேர் நன்றாகவே வாழ்கிறார்கள். ஏரிச் சேற்றில் இறங்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு ஏரியைத் தவிர வேறு இடத்தில் பேசக்கூட வராது. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். புயல் எச்சரிக்கை என்று மைக்கில் கத்திக்கொண்டு போனாலும் அதே கொட்டாவிதான். படகில் ஏறிவிட்டால் வாய் ஓயாது, பாட்டு வேறு. அந்தக் காலை எடுத்துவிட்டால் நான் வீட்டுக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவேன் என்று பயந்து போனேன்.

அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன். ஆனால் கூழ் ஊற்றுவது ஆடி மாதத்தில். அதுவரைக்கும் இந்த நெஞ்சை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

நானும் என் நாத்தனாரும் முறை வைத்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒரு விசித்திரமான கஷ்டம் என்னவென்றால், எனக்கு அழ இடம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அழுதால் அவர் பார்ப்பார். வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகன் பார்ப்பான். பால்வாடியில் அழுதால் ஒரு பிள்ளை தொடங்கும், உடனே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். அக்கா இதைக் கவனித்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை, அரிசி களைந்துகொண்டே சொன்னார்.

"நாளைக்கு எங்கூட வாங்க டீச்சர். நீங்க ஒண்ணும் ஜெபம் பண்ண வோணாம். அழறதுக்காவது ஒரு எடம் வோணும் இல்ல?"

அப்படித்தான் நான் முதன்முதலில் ஜெப வீட்டுக்குப் போனேன், அழுவதற்காக.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான அறை. தரையில் பிளாஸ்டிக் பாய். பெண்கள் பக்கம் நிரம்பியிருந்தது, ஆண்கள் பக்கம் மூன்று பேரும் ஒரு ஸ்டாண்டு ஃபேனும். ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள் என்பதால் ஒரு மாதம் முழுக்க இயேசுவின் சிலுவையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். பாஸ்டர் உள்ளூர் ஆள் இல்லை, ஏரியை விட்டுத் தள்ளி நெல் விளைகிற கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். நல்ல குரல். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்த வேலையைத் தொடங்கினேன்.

பாதி அழுகையில் அவர் சொன்னது காதில் விழுந்தது. இயேசு நம்முடைய பாடுகளை எல்லாம் தாமே எடுத்துக்கொண்டார், நாம் போக வேண்டிய இடத்துக்கு நமக்குப் பதிலாக அவர் போனார் என்றார். என் அழுகை நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். அந்த இடத்தில் வலை போடுகிற முறைக்கும் அதே பெயர்தான். எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நம்ம பாடு வருகிற நாளில் நாம் போக வேண்டும். போகாவிட்டால் அது போனதுதான், மறுபடி முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். படுத்துக் கிடக்கிறவனுக்காக அண்ணன் தம்பி போகலாம். என் வீட்டுக்காரர் ஒற்றைப் பிள்ளை. அந்த வாரம்தான் அவருடைய பாடு வந்தது. காலைவிட அதை நினைத்துத்தான் அவர் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தார். எங்களுக்கென்று போக ஓர் ஆள் இல்லையே என்பதுதான் எனக்கும் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒருவர் மைக்கில், உங்கள் பாட்டுக்கு ஆள் போயாயிற்று என்கிறார். நான் வேறு எப்படிப் புரிந்துகொள்வேன்? ஏரியில் அவர் வந்து வலை இழுப்பார் என்று நினைக்கிற அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனால் எங்கள் முறையை இன்னொருவர் தலையில் போட்டுக்கொண்டார் என்று கேட்டதும் தோளில் இருந்த பாரம் இறங்கியது நிஜம். அன்று வீட்டுக்குப் போய் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு, பட்டப்பகலில் பாயைப் போட்டு அடித்துப் போட்டது போல் தூங்கினேன். திருக்கை குத்திய நாளிலிருந்து அதுதான் என் முதல் தூக்கம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, நம்ம பாட்டுக்கு யாராவது போனார்களா என்பது. ஆள் போயிருக்கிறார் என்றேன். யார் என்றார். இயேசு என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. மருந்து ஏறிக்கொண்டிருந்த கையையும் ஆட்டிவிட்டார். நர்சம்மா ஓடி வந்து, இது ஆஸ்பத்திரியா சினிமாக் கொட்டகையா என்று எங்கள் இருவரையும் திட்டினார். அவர் போனதும் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, அவருக்கு வலை இழுக்கத் தெரியுமா என்று கேட்டார். அவரோடு சுற்றினவர்களில் பாதிப் பேர் மீன் பிடிக்கிறவர்கள்தானாம், அக்கா சொன்னார் என்றேன்.

"கடலா, ஏரியா?"

"ஏரிதானாம்."

சிரிப்பை நிறுத்திவிட்டார். கடலோரத்து லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்கள் எங்களைப் பார்த்து, முழங்கால் தண்ணீரில் மீன் பிடிக்கிறவர்கள் என்று கேலி செய்வது அவருக்கு ஆறாத புண்.

"அப்போ நம்மாளுதாம்மே அவரு" என்றார்.

அதிலிருந்து தினமும் அதே விளையாட்டு. நம்மாள் இன்றைக்கு எத்தனை கூடை கொண்டு வந்தார் என்று அவர் கேட்பார். இறால் நன்றாக விழுந்ததாம் என்பேன். சீழ் ஒரு நாள் இறங்கியது, ஒரு நாள் ஏறியது. டாக்டரம்மா முகத்தைப் படிக்க நான் கற்றுக்கொண்டேன். ஆனாலும் நாங்கள் சிரித்தோம். நான் ஜெப வீட்டுக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் அக்கா என் இடுப்பில் கிள்ளி எழுப்பிவிட்டார். ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் சொல்வதற்குத்தான் சாட்சி என்று பெயர். பால்வாடியில் கத்திப் பழகிய தொண்டை, எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் பாட்டுக்கு அவரே போவதாகப் பாஸ்டர் சொன்னார், அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது என்றேன்.

பாட்டு என்றதும் கீபோர்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்திவிட்டார். பாஸ்டரும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்து, எந்தப் பாட்டு அம்மா என்று கேட்டார். அது இல்லை, ஏரிப் பாடு, சீட்டுக் குலுக்குவோமே, அந்தப் பாடு என்று நான் விளக்கினேன். பாஸ்டருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை மூடிக்கொண்டார். பிறகு அன்பாகத்தான் சொன்னார். பாடு என்றால் இங்கே கஷ்டம், வேதனை. சிலுவையில் அவர் பட்ட வேதனையைத்தான் பாடுகள் என்கிறோம், வலை போடுகிற முறையை இல்லை என்றார்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தோணிரேவுக் குப்பத்து அம்மா, வருடக்கணக்காக அங்கே வருகிறவர், அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பின்ன இத்தினி நாளு நான் இன்னாத்துக்கு ஆமென் சொல்லிக்கினு இருந்தேன்?"

அந்த அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. எதைப் பிடித்துக்கொண்டு நின்றேனோ அது என் காதுக் கோளாறு. அவ்வளவுதானா? மறுநாள் வீட்டுக்காரரைப் பார்க்கப் போக வேண்டும். நம்மாள் எத்தனை கூடை என்று கேட்பாரே, என்ன சொல்வேன்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காலையில் பொன்னேரியில் ரயில் ஏறினேன். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மனதுக்குள் அந்த ஆண்டவரோடு பேச ஆரம்பித்தேன். பாஸ்டர் சொன்னதுதான் சரி, நான் கேட்டது தப்பு, இருக்கட்டும் என்றேன். ஆனால் நான் அதை மீன் கடையில் நின்று கேட்கவில்லை, உன் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். தப்பாகக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும், அப்போதே தடுத்திருக்கலாம். தடுக்காமல் விட்டுவிட்டு, நான் நம்பித் தூங்கின பிறகு அர்த்தம் வேறு என்றால் எப்படி? நம்பி ஏறினவளை நடு ஏரியில் இறக்கிவிடாதே. இப்படியே விடாமல் பேசிக்கொண்டு போனேன். மீஞ்சூரில் கூட்டம் ஏறி என்னை நெருக்கித் தள்ளியது, நான் நிறுத்தவில்லை. எண்ணூர் தாண்டும்போது ஆத்திரம் எல்லாம் வடிந்து, எதிரில் இருந்த அம்மாவைப் பார்த்துக் காரணம் இல்லாமல் சிரித்தேன். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜெபம் என்றால் கெஞ்சுவது என்று நினைத்திருந்தேன். சண்டையும் போடலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சண்டை எனக்கு நன்றாக வரும். ஒருவரோடு சண்டை போட வேண்டுமென்றால் அவர் எதிரில் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ரயிலில் கிடைத்த தைரியம் எந்தப் பிரசங்கத்திலும் கிடைக்கவில்லை.

ஆனால் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இறால் என்றேன், கெண்டை என்றேன். அவரும் கேட்டுச் சிரித்தார்.

அந்த வாரமே டாக்டரம்மா, இனி காத்திருக்க முடியாது என்றார். உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்ப்போம், விரலோடு நிற்குமா கால் போகுமா என்று அங்கேதான் தெரியும் என்றார். தள்ளுவண்டியில் பச்சைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. கொட்டாவி விட்டாலும் விடுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்தார்.

"உன் ஆளாண்ட சொல்லுமே" என்றார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஜெப வீட்டில் எல்லோரும் பிதாவே என்றுதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்க நினைத்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"நைனா" என்றேன். "இவருக்கு ஏரிய வுட்டா ஒண்ணும் தெரியாது. உனக்கு ஏரி தெரியும். அந்தக் கால வுட்டுடு நைனா."

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். வண்டி தள்ள வந்தவர் நகராமல் நின்றார். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, உங்கள் நைனாவையா கூப்பிட்டாய் என்று கேட்டார். என் அப்பா உயிரோடு இருந்தவரை இவர் அவருக்கு நடுங்குவார். இல்லை, அந்த நைனா இல்லை என்றேன். யாராக இருந்தால் என்ன, சீக்கிரம் வந்தால் சரி என்றார். கதவு மூடிக்கொண்டது.

பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு அக்கா எலுமிச்சைச் சோற்றோடு வந்து சேர்ந்தார். குக்கருக்கே சத்தம் போட்டு ஜெபிக்கிறவர் அன்று உதடுகூட அசைக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நைனா நைனா என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, குழந்தையாக யார் தோளிலோ ஏறி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நடுவில் பசித்தது. சாப்பிட்டோம்.

டாக்டரம்மா வெளியே வந்து இரண்டு விரலை எடுத்துவிட்டோம் என்றார். கால் என்று கேட்டேன். கால் இருக்கிறது என்றார். எனக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்து, மறுபடியும் கேட்டேன். கால் இருக்கும்மா, இனி செருப்பில்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது, சர்க்கரையை விட வேண்டும் என்றார். அக்கா ஸ்தோத்திரம் என்றார். நானும் சொன்னேன். நான் சொன்ன சத்தத்துக்கு வாசலில் இருந்த செக்யூரிட்டி எழுந்து வந்தார்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினேன். ஜெப வீட்டுக்கும் போனேன். எந்தப் பக்கம் நீ என்று ஊரில் கேட்டார்கள். கால் வந்த பக்கம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

புண் ஆறி, மழைக்குப் பிறகு ஏரி நிரம்பிய சமயத்தில் வீட்டுக்காரரின் முறை மறுபடியும் வந்தது. முழங்கால் வரைக்கும் ரப்பர் ஷூ மாட்டிக்கொண்டு போனார். கரையில் எல்லோரும் துரை வந்துவிட்டார் என்று கேலி செய்தார்களாம். மத்தியானம் ஒரு கூடை இறாலோடு வந்தார். வாசலில் உட்கார்ந்து இருவரும் உரித்துக்கொண்டிருந்தபோது, இனிச் சொன்னால் என்ன என்று தோன்றியது. பாடு என்றால் அவர்கள் சொல்வது நம்ம பாடு இல்லையாம், வேதனையாம், நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றேன்.

தெரியும் என்றார் அவர், இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாங்கள் சிரித்து மாட்டிக்கொண்டோமே, அந்த நர்சம்மாவுக்கு வேதாகமம் அத்துப்படியாம். அன்றைக்கு நான் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தபோதே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு, தினமும் எத்தனை கூடை என்று கேட்டு என்னைப் பொய் சொல்ல வைத்தாயா என்றேன். தெரிந்தும் ஆபரேஷன் அன்றைக்கு எதற்கு ஜெபம் பண்ணச் சொன்னாய் என்றேன். அவர் கையிலிருந்த இறாலைத் தட்டில் போட்டார்.

"பயமா இருந்திச்சிமே. நீ அவராண்ட பேசும்போது கொஞ்சம் கொறஞ்சிது."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நெஞ்சு நிறைந்துபோய், உரித்த இறாலையே மறுபடி எடுத்து உரித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் பயம் இருக்கிறதா என்று கேட்டேன். சேற்றில் கால் வைக்கிற நேரத்தில் இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை அவர் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்ததும் நான் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மனதுக்குள் இல்லை, அவர் காதில் விழும்படி சத்தமாகவே, நைனா என்று தொடங்கி ஜெபம் செய்தேன். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வலையைத் தோளில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் ஆமென் சொன்ன பிறகுதான் படி இறங்கினார்.